போர் ஓய்ந்த மண்ணில் வாணிகம்

(சிவாஜிநகரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் இயலும் இசையும் நாடகமும் நிறைந்திருத்தல் மரபு. அவற்றினிடையே பொருளாதாரம் பற்றியும் ஓர் உரை வேண்டும் எனச் செயற்குழுவினர் பணித்தனர். இப்பகுதியில் வாழும் நம் குடும்பங்களுட் பல, கடையும் கைத்தொழிலும் கொண்டு வாழ்பவை. வேறு பல, பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைத்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அம்மிச்சத்தை எங்கே இடுவது என்று எண்ணிக்கொண்டிருப்பவை. "இலங்கையின் வடக்கில் போர் முடிந்துவிட்டது, அங்கே நம் மொழியே பேசுகின்றனர், இப்பொழுது முதலிட்டால் பத்து மடங்காகுமாமே, மெய்தானா?" என்னும் வினா இத்தகைய இல்லங்களில் எழுதல் இயல்பே. வினா எழுந்தபின் விடை தேடுதல் கடமையாகும். ஆதலின் அதனையே இன்றைய பொருளாகக் கொண்டோம்.

நம் பாளையத்தின் பாடம்

போர் முடிந்த நிலத்தில் வாணிகம் எவ்வாறு வேர் கொள்ளும் என்பதை அறிய நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. நாம் நிற்கும் இம்மண்ணே அதற்குச் சான்று. 1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். பத்தாண்டுகள் கழித்து, 1809ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் தம் படையைப் பெங்களூருக்குக் கொணர்ந்து பாளையம் அமைத்தனர். படை இருந்த இடத்திற்கு அரிசி வேண்டும், துணி வேண்டும், தோல் வேண்டும், சுண்ணாம்பும் செங்கல்லும் வேண்டும். அவற்றைக் கொண்டுதர ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் வந்தனர். அன்று பிளாக்பள்ளி எனப் பெயர் பெற்றிருந்த ஊரே இன்றைய சிவாஜிநகர்.

அவ்வாறு வந்து செழித்தவருள் ஒருவர் ராய் பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பாளையத்தில் பொருளீட்டிய அப்பெரியார், 1873ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். அவர் பெயரால் அமைந்த கல்வி அறம் இன்றளவும் நிற்கின்றது. அவர் காலத்திலும் எத்தனையோ பேர் ஈட்டியிருப்பர். ஈட்டியதில் ஒரு பங்கை ஈட்டிய ஊரிலேயே ஊன்றிச் சென்றவரைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கின்றது. இன்றைய பேச்சு முழுவதற்கும் இதனையே உரைகல்லாகக் கொள்வோம். போர் ஓய்ந்த மண்ணில் ஈட்டுவது தவறன்று. ஆயின் அம்மண்ணில் எதை விட்டுச் செல்கின்றோம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

வடபுலம் இழந்தவை

இலங்கையின் வடமாகாணம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்னும் ஐந்து மாவட்டங்களை உடையது. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் பத்து லட்சத்திற்குச் சற்று மேற்பட்டவர். அஃது எக்காலத்தும் வறண்டு கிடந்த நாடு என எண்ணுதல் பிழை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவாங்கூர்ச் சந்தையில் விலைபோன காலம் உண்டு. நாடு விடுதலை பெற்றபின் ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறையில் சிமெண்ட் ஆலைக்கும் பரந்தனில் இரசாயன ஆலைக்கும் வித்திடப்பட்டது. ஆனையிறவில் உப்பு விளைந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் விளைந்தன.

1983 முதல் 2009 மே வரை நீண்ட போர் இவற்றையெல்லாம் விழுங்கிற்று. 1990ஆம் ஆண்டில் சிமெண்ட் ஆலை நின்றது; யாழ்ப்பாண ரயிலும் நின்றது. வலிகாமம் வடக்கில் வாழ்ந்த மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். அவர்தம் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே 1990ஆம் ஆண்டு அக்டோபரில், வடக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்கள் பல்லாயிரவரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவருள் வணிகர் பலர்; தையலும் இரும்புக் கடையும் லாரித் தொழிலும் நடத்தியவர் பலர். பல சமயத்தாரும் ஒரே தெருவில் கடை விரித்து வாழும் சிவாஜிநகரில் இருந்துகொண்டு இதை எண்ணிப் பார்த்தால், ஒரு சமூகம் போனபின் ஒரு சந்தை எவ்வாறு நொண்டியாகும் என்பது நமக்கு விளங்கும்.

ஆலை அழிந்தால் ஆலையைக் கட்டலாம். இருபத்தாறு ஆண்டுகளில் அழிந்தது ஆலை மட்டுமன்று. கணக்கு எழுதத் தெரிந்தவர் போயினர். இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவர் போயினர். "இன்னார் சொன்னால் சரக்கு வரும்" என்னும் நம்பிக்கையும் போயிற்று. வாணிகத்தின் உயிர் இம்மூன்றும் அல்லவா?

மீண்டு எழுந்தவை

போருக்குப் பின் நடந்த நற்பணிகளையும் சொல்ல வேண்டும். நம் இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித்தரும் திட்டத்தை 2010ஆம் ஆண்டில் அறிவித்தது. அவற்றுள் 46,000 வடக்கிலும் கிழக்கிலும், எஞ்சியவை மலையகத் தோட்டப் பகுதிகளிலும் அமைந்தன. வடகிழக்கில் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்தவை அல்ல. வீட்டுக்குரியவர் கணக்கிலேயே தவணை தவணையாகப் பணம் செலுத்தி, அவரையே கட்டச் செய்தவை. அதனால் அவ்வூர்க் கொத்தனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைத்தது.

கருநாடக மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கிய எஸ். எம். கிருஷ்ணா அவர்கள் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. இந்தியாவின் இர்கான் நிறுவனம் தண்டவாளம் பதிக்க, 2014 அக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாயிற்று. சென்னையிலிருந்து தொடங்கிய வானூர்திப் போக்குவரத்து பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் விடப்பட்டுச் சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. இடையே உள்ளது ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரப் பயணம்.

எனினும் பெருஞ்சரக்கு இன்னும் அவ்வழியே செல்லும் நிலை வரவில்லை. தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஏற்றிய சரக்கு கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியே யாழ்ப்பாணம் சேர வேண்டியுள்ளது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கரை இருந்தும் நாட்டைச் சுற்றிச் செல்லும் சரக்கு, விலையில் சுமை ஏற்றாமல் இருக்குமா? காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை மானியமாகத் தர இந்தியா 2024ஆம் ஆண்டில் இசைந்தது. அப்பணி நிறைவேறும் நாளில், வடக்கின் வாணிகக் கணக்கே மாறும்.

முதலில் வந்தவர் யார்?

போர் முடிந்த மறு ஆண்டே யாழ்ப்பாணத்தில் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி தொடங்கியது. கடைவீதிகள் நிறைந்தன. வங்கிக் கிளைகளும் தவணை நிறுவனங்களும் வரிசையாக வந்தன. மோட்டார் சைக்கிள், தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, உழவு இயந்திரம் யாவும் தவணையில் கிடைத்தன. பார்ப்பவர்க்கு அது வளம்போலத் தோன்றிற்று. ஆயின் வாங்குவதற்குக் கடன் கிடைத்த அளவுக்கு, அக்கடனை அடைக்க வருவாய் தரும் தொழில் வரவில்லை.

கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் மிகுந்த மண் அது. அவர் வீட்டுப் படியேறி நுண்கடன் கொடுத்தவர் வாரந்தோறும் வட்டிக்கு வந்து நின்றனர். ஒரு கடனை அடைக்க மறுகடன் பெறும் நிலை உண்டாயிற்று. அவர் துயரம் பெரிதாகி, 2018ஆம் ஆண்டில், வறட்சியால் வாடிய மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய இலங்கை அரசே முன்வர வேண்டியதாயிற்று.

இங்கே நம் ரஸ்ஸல் சந்தையை நினைவு கூர்வோம். 2012 பிப்ரவரியில் அங்குத் தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் சாம்பலாயின. அந்நிலையில் ஒரு கடைக்காரருக்கு உதவுவோர் யாவர்? கூடுதல் வட்டிக்குப் பணம் நீட்டுபவரா? அல்லர். "சரக்கை எடுத்துப் போ, விற்றபின் கொடு" என்னும் மொத்த வணிகரும், மறுநாளே கூடையுடன் வந்து நிற்கும் பழைய வாடிக்கையாளருமே அவரைத் தூக்கி நிறுத்துவர். போரால் எரிந்த நாட்டுக்கும் இதுவே பொருந்தும். அதற்கு முதற்கண் வேண்டுவது நம்பிக் கொடுப்பவரும், விடாமல் வாங்குபவரும்.

உலகம் காட்டும் வழி

பிற நாடுகளின் பட்டறிவும் இதற்கு அரண் செய்கின்றது. வியட்நாமில் போர் 1975ஆம் ஆண்டில் முடிந்தது. ஆயினும் 1986ஆம் ஆண்டில் அந்நாடு தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றிய பின்னரே உழவர்க்கும் வணிகர்க்கும் மூச்சு வந்தது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் வாணிகத் தடையை நீக்கியது. 2007ஆம் ஆண்டில் வியட்நாம் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. துப்பாக்கி ஓய்ந்த நாளிலிருந்து உலகச் சந்தையில் உறுதியாகக் கால் ஊன்ற முப்பது ஆண்டுகள் ஆயின. அவசரப்படுவோர் இதைக் கருத்தில் இருத்துதல் நன்று.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாடு 1994ஆம் ஆண்டின் இனப்படுகொலையால் சிதைந்தது. அந்நாட்டுக் காப்பி அதுவரை தாழ்ந்த தரத்ததாகவே விலை போயிற்று. இரண்டாயிரமாம் ஆண்டிற்குப் பின், காப்பிப் பழத்தை முறையாகக் கழுவிப் பதம் செய்யும் நிலையங்கள் ஊர்தோறும் எழுந்தன; உழவர் கூட்டுறவுகள் அமைந்தன; நல்ல விலை கொடுத்து வாங்க வெளிநாட்டார் வந்தனர். பகைமை கொண்டிருந்த இரு இனத்தாரும் ஒரே நிலையத்திற்குப் பழம் கொணர்ந்தனர். காப்பியின் தரத்தால் விலை எவ்வாறு ஏறும் என்பதைக் குடகுக்கும் சிக்கமகளூருக்கும் அண்மையில் வாழும் நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விளைபொருளைப் பதம் செய்யும் சிறு நிலையமும் உறுதியாக வாங்கும் கையும் சேர்ந்தால், பெரிய ஆலையால் ஆகாததும் ஆகும் என்பதே இதன் பாடம்.

வாங்கச் செல்வோம்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2023-24ஆம் நிதியாண்டில் இரு நாட்டு வாணிகம் ஏறத்தாழ 550 கோடி டாலர் அளவினது. அதில் நாம் விற்றது 400 கோடிக்கு மேல். வாங்கியது 140 கோடி அளவே. தராசு எப்பக்கம் தாழ்கின்றது என்பது வெளிப்படை. ஆகவே, "வடக்கில் என்ன விற்கலாம்?" என்று கேட்பதற்கு முன், "வடக்கிலிருந்து என்ன வாங்கலாம்?" என்று கேட்பதே அறிவுடைமை. ஆதாயமும் அதில்தான் நிலைக்கும். வாங்க வருபவனை எந்த ஊரும் வெறுப்பதில்லை.

வாங்கத் தக்கவை எவை? முதலாவது பனை. பனங்கட்டி, ஒடியல், பனங்கிழங்கு மாவு, பனையோலைக் கைவினை ஆகியவை அம்மண்ணின் தனிச்செல்வம். 1978ஆம் ஆண்டு முதல் பனை அபிவிருத்திச் சபை ஒன்று இயங்கி வருகின்றது. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. வெள்ளைச் சர்க்கரையை ஒதுக்கிக் கருப்பட்டியைத் தேடும் வழக்கம் இன்று பெங்களூரில் பெருகி வருதல் கண்கூடு. இரண்டாவது கடல் வளம். நண்டும் இறாலும் கருவாடும் பதம் செய்து பொதிந்து அனுப்பத் தக்கவை. மூன்றாவது உழவு. முருங்கையிலைப் பொடி, எள்ளெண்ணெய், மிளகாய்த்தூள் போன்றவற்றைச் சிறு ஆலைகளில் ஆக்கலாம். ஒப்பந்தச் சலுகை பெற, பொதுவாக அப்பொருளின் மதிப்பில் 35 விழுக்காடு இலங்கையிலேயே சேர்ந்திருத்தல் வேண்டும் என்பது விதி. உள்ளூரில் விளைந்து உள்ளூரில் பதம் செய்த பொருளுக்கு இவ்விதி தடையாகாது, அரணேயாகும்.

நான்காவது அறிவுத் தொழில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் சிறு மென்பொருள் நிறுவனங்கள் முளைத்துள்ளன. மென்பொருளுக்குத் துறைமுகம் வேண்டா. கொழும்பைச் சுற்ற வேண்டா. நம் வீட்டுப் பிள்ளைகள் பணிபுரியும் நிறுவனங்கள் தம் வேலையில் ஒரு சிறு கூற்றை அங்குக் கொடுத்தாலும், படித்துவிட்டுக் கப்பலேறக் காத்திருக்கும் இளைஞர் சிலர் ஊரிலேயே நிற்பர்.

ஐந்தாவது ஆற்றல். மன்னாரில் 100 மெகாவாட் காற்றாலைப் பண்ணை 2020ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளில் சூரிய ஒளியும் காற்றும் கொண்டு மின்சாரம் ஆக்கும் திட்டத்திற்கு இந்தியா ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டாலர் மானியம் அளித்தது. அப்பணிக்கான ஒப்பந்தத்தை 2024 மார்ச்சில் பெற்றது நம் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனமே. ஆகவே இவ்வூருக்கும் அத்தீவுகளுக்கும் தொழில் வழி ஏற்கெனவே தொடங்கிவிட்டது எனலாம்.

ஆடைத் தொழிலையும் குறிப்பிட வேண்டும். கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் ஆலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் ஆலையும் பல பெண்களுக்கு மாதச் சம்பளம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு அளித்த வரிச்சலுகை, மனித உரிமை பற்றிய குறைகளால் 2010ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, 2017ஆம் ஆண்டில் மீண்டது. அரசின் நடத்தை, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் கூலியையும் தொடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கண் திறந்து இறங்குக

இனி எச்சரிக்கைக்கு வருவோம். "காணி வாங்கிப் போடுங்கள்; பிறகு விலை ஏறும்" என்று சொல்லித் தரகர் வரக்கூடும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டப்படி, இலங்கையில் வெளிநாட்டார் பெயருக்கு நிலம் எழுதிக் கொடுத்தல் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது; குத்தகையாகவே பெறலாம். உள்ளூரார் ஒருவர் பெயரில் மறைவாக வாங்கிவைப்போம் என்பார் பேச்சுக்குச் செவி சாய்த்தால், நிலமும் போகும், பணமும் போகும். யாழ்ப்பாணத் தமிழர்க்குத் தேசவழமை என்னும் தனிச் சட்டம் உண்டு. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் அதைத் தொகுத்தனர். அதன்படி ஒரு காணி விற்பனைக்கு வந்தால், கூட்டுரிமையாளர்க்கும் உரிமை வாரிசுகளுக்கும் முன்கொள்வனவு உரிமை உண்டு. அவ்வாரிசு இன்று கனடாவிலோ நார்வேயிலோ இருக்கலாம். போரில் உறுதிகள் எரிந்தன, உரியவர் இடம்பெயர்ந்தனர். அவ்வாறு தம் நிலத்தை மீட்க இயலாது இருந்தவர்க்கு, கடந்துபோன காலத்தைக் கணக்கில் கொள்ளாது வழக்காட 2016ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒருவர் அழுதுகொண்டே விட்டுச் சென்ற வளவில் நாம் வேலி போடலாகாது. இது சட்டமும் ஆகும், அறமும் ஆகும்.

இரண்டாவது, பணம் செல்லும் வழி. உண்டியல் என்னும் முறையில் இங்குக் கொடுத்து அங்கு வாங்கும் பழக்கத்தை அறவே விலக்குக. இந்தியாவில் வாழும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி வழியே வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகின்றது. வெளிநாட்டு முதலீட்டுக்கு 2022ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. இலங்கையிலும் முதலீட்டுக்கெனத் தனிக் கணக்கு வழியே பணம் வந்தால்தான் ஆதாயத்தையும் முதலையும் திரும்பக் கொணர இயலும். இலங்கை முதலீட்டுச் சபையை நேரிலோ கடிதம் வழியோ கேட்டறியாது எவரும் கையெழுத்திடற்க.

மூன்றாவது, நாட்டின் நிதிநிலை. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாது என அறிவித்தது. டாலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், சில வாரங்களில் 360 வரை வீழ்ந்தது. எரிபொருளுக்கு மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றனர். இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 2022ஆம் ஆண்டிற்கு முன் இலங்கை ரூபாயில் சேமித்தவர், ஒரு பிழையும் செய்யாமலே பாதி இழந்தனர். ஆகவே பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் திருமணத்துக்கும் வைத்த பணம் இதற்குரியதன்று. இழந்தாலும் குடும்பம் நிலைகுலையாத தொகையே இதற்கு ஏற்றது.

நான்காவது, உள்ளூர் மக்களின் இசைவு. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதானி குழுமம் முன்வந்தது. மன்னார் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர்; மின் விலையை மறுபடியும் பேச வேண்டும் எனப் புதிய அரசு கருதியது; 2025 பிப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது. மாபெரும் முதல் படைத்தவர்க்கே மேலிடத்து உடன்பாடு மட்டும் போதவில்லை. சிறு முதல் உடையவர்க்கு ஊராரின் நல்லெண்ணமே காப்பு.

ஒரு கடற்கரை, இரு வலைகள்

இன்னொன்றையும் சொல்லாது விடல் நேர்மையாகாது. வடபுலத்து மீனவர்க்கும் தமிழகத்து மீனவர்க்கும் பாக் நீரிணையில் நீங்காப் பிணக்கு நிற்கின்றது. நம் கரையிலிருந்து செல்லும் இழுவை மடிப் படகுகள் தம் வலைகளை அறுத்து, கடலடியையும் வழித்துச் செல்கின்றன என்பது அவர் முறையீடு. இலங்கை 2017ஆம் ஆண்டில் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. நம் மீனவர் சிறைப்படுவதும் படகிழப்பதும் நமக்குத் துன்பமே. ஆயினும், முப்பதாண்டு கடலில் இறங்க முடியாதிருந்தவன், இறங்கிய முதல் வலையையே இழந்தால் அவன் துன்பம் எத்தகையது என்பதையும் எண்ண வேண்டும். தொப்புட்கொடி உறவு என மேடையில் முழங்குவது எளிது. அவன் வலையை மதிப்பதே அவ்வுறவுக்குச் சான்று. ஆழ்கடல் மீன்பிடிப்பு, பதம் செய்யும் நிலையம், ஒழுங்கான சந்தை ஆகியவற்றில் இரு கரையாரும் கூட்டுச் சேர்தல் வாணிகமும் ஆகும், சமாதானமும் ஆகும்.

பிணக்கு நீங்கப் பொறுமை வேண்டும் என்பதை இவ்வூரிலேயே கண்டுள்ளோம். அல்சூரில் நம் வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாது மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அதே திங்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இரு மாநிலமும் ஒன்று கொடுத்து ஒன்று பெற்றன. அத்தகைய கொடுக்கல் வாங்கலே எப்பகையையும் தணிக்கும்.

நாம் செய்யத் தக்கவை

முடிவாக, நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, தனித்தனியே ஏமாறுவதினும் கூட்டாக ஆராய்தல் மேல். வணிகம், சட்டம், கணக்கு ஆகிய மூன்றிலும் வல்ல ஐவர் கொண்ட குழு ஒன்றைச் சங்கம் அமைக்கலாம். எவரேனும் வடக்கில் முதலிட விரும்பினால், அக்குழுவின் முன் தாள்களை வைத்துக் கருத்துக் கேட்டபின் இறங்கட்டும்.

இரண்டாவது, சிறிதாக வாங்கித் தொடங்குவோம். அடுத்த ஆண்டு விழாவுக்கு வேண்டும் பனங்கட்டியையும் ஓலைப் பெட்டிகளையும் வடபுலத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிடமிருந்து முறையான இறக்குமதிக் குறியெண்ணும் உணவுத் தரச் சான்றும் கொண்டு வரவழைப்போம். தொகை சிறிதாயினும், வழி எங்கே அடைபடுகின்றது, சுங்கத்தில் என்ன கேட்பர், பொதி எவ்வாறு சேதமாகும் என்பவை தெரிந்துவிடும். நூறு சொற்பொழிவு கற்பிக்காததை ஒரு பொதி கற்பிக்கும்.

மூன்றாவது, கைத்திறன் கொடுப்போம். மோட்டார் பழுது பார்ப்பதிலும், பழைய உதிரிப் பாகத்தை உயிர்ப்பிப்பதிலும், தையலிலும், தோல் வேலையிலும் சிவாஜிநகர்க் கைகளுக்கு இணை அரிது. அங்கிருந்து இளைஞர் சிலரை முறையான அனுமதியோடு வரவழைத்து, ஆறு திங்கள் நம் பட்டறைகளில் பழக்கி அனுப்புவோம். பணம் கொடுத்தால் செலவாகும். தொழில் கொடுத்தால் பெருகும்.

பெரியோர்களே! போர் ஓய்ந்த மண்ணுக்கு இருவகையார் செல்வர். மலிவாகக் கிடைப்பதை அள்ளிவரச் செல்வோர் ஒரு சாரார். நெடுநாள் உறவாக வாங்கி விற்று வாழச் செல்வோர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு முதல் ஆண்டில் ஆதாயம் மிகும். பத்தாம் ஆண்டில் அவர் பெயர் இராது. இரண்டாம் வகையினர் வழியில் வந்தவரே நம் முன்னோர். அதனாற்றான் கன்னடத் திருநாட்டில், கன்னட மக்களின் அன்பில், நாம் இன்று தலைமுறை கடந்து வாழ்கின்றோம். வந்த இடத்தில் வாழ வழி பெற்ற நாம், வாழ்ந்த இடத்தையே இழந்தவர்க்கு நேர்மையான வாடிக்கையாளராகவேனும் விளங்குவோமாக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!